பஸராவின் உவர் மண்ணும் ஊறவைத்த விதையும்

உணவுக்குச் சுவை தரும் உப்பு, உழவரின் நிலத்தில் தங்கிவிட்டால் நோயாகிறது. அந்நோயின் நீண்ட வரலாற்றை இராக்கில் காண்கிறோம்.

தஜ்லா, ஃபுராத் ஆறுகளின் நீரில் கரைந்துவரும் உப்பு, வடிகால் குறைந்த தென்னிராக்கின் சமவெளியில் தேங்குகிறது. வெயிலில் நீர் ஆவியாக, உப்பு மண்மேல் வெண்மையாகப் பூக்கிறது. சுமேரியர் காலத்திலேயே அங்குக் கோதுமை குறைந்து, உப்பைத் தாங்கும் வாற்கோதுமை மேலோங்கியது.

அப்பாஸியர் ஆட்சியில் பஸராவின் நிலவுடைமையாளர்கள் இம்மண்ணைத் திருத்த அடிமைகளை ஏவினர். ஸன்ஜ் எனப்பட்ட அந்த ஆப்பிரிக்கர்கள், சிறிதளவு மாவையும் பேரீச்சம்பழத்தையும் உண்டு, உப்புப் படலத்தைச் சுரண்டிக் குவித்தனர். ஹிஜ்ரி 255இல் (கி.பி. 869) அவர்கள் கிளர்ந்தெழுந்தனர். போர் 14 ஆண்டுகள் நீடித்தது. பஸரா நகரமே சூறையாடப்பட்டது. வரலாற்றாசிரியர் தபரீ இதை விரிவாகப் பதிந்துள்ளார். அடிமையை விடுவிப்பதைப் பெரும் நன்மையெனக் கற்பித்த மார்க்கத்தினரின் வயல்களில் இது நிகழ்ந்தது என்பதை நாம் மறைக்கலாகாது.

மண்ணைப் போலவே விதையையும் பண்படுத்தலாம் என்பது பழைய அறிவே. வெள்ளரி விதையை ஊறவைத்தால் விரைந்து முளைக்கும் எனக் கிரேக்க அறிஞர் தியோபிராஸ்டஸ் கிறிஸ்துவுக்கு முன்பே எழுதினார். இருபதாம் நூற்றாண்டில் சோவியத் ஆய்வாளர்கள் கென்கெலும் ஸ்ட்ரோகனோவும் இதை உவர் நிலத்திற்கு விரித்தனர். விதையை உப்புக்கரைசலில் சிறிது நேரம் ஊறவைத்துக் கழுவி விதைப்பது அவர்கள் முறை.

இதன் அடிப்படை எளியது. உவர் மண்ணில் நீர் இருந்தும், உப்பு அதைப் பிடித்துக்கொள்வதால் விதையால் எளிதில் உறிஞ்ச இயலாது. முன்பே ஊறவைத்து, முளை வெளிப்படுமுன் உலர்த்திய விதையிலோ முளைப்பின் தொடக்கப் பணிகள் நடந்திருக்கும். எனவே அது விரைவாகவும் ஒருசேரவும் முளைத்து, உப்பால் எளிதில் வாடும் இளம்பருவத்தைத் திடமாகக் கடக்கிறது. ஆயினும் இது வடிகாலுக்கும் நன்னீருக்கும் மாற்றன்று. உப்பு மிகுந்தால் இம்முறையும் பயன் தராது.

நிலத்தைத் திருத்த மனிதரை வதைத்தோரும், விதையை ஒரு பாத்திர நீரில் ஆயத்தம் செய்தோரும் நாடியது விளைச்சலையே. விளைந்ததைப் பற்றி மட்டுமல்ல, விளைவித்த வழியைப் பற்றியும் நாம் விசாரிக்கப்படுவோம்.