பணத்துக்கு ஒரு நாள், உயிருக்குக் கால் நூற்றாண்டு: டான் டைடி கடத்தலும் அயர்லாந்து அரசும்

ஆயுதக் குழுக்களின் ஆட்கடத்தலைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் பிணைக்கைதி மீண்ட நாளோடு கணக்கை முடித்துவிடுகிறார்கள். அயர்லாந்தில் 1983இல் நடந்த டான் டைடி கடத்தலும் இப்படித்தான் படிக்கப்படுகிறது: அரசு பணிய மறுத்தது, பிணைக்கைதி உயிரோடு மீண்டார், ஆகவே உறுதி வென்றது. அடுத்து வந்த 25 ஆண்டுகளையும் சேர்த்துப் பார்த்தால் இந்த வாசிப்பு நிற்காது என்பது என் வாதம்.

குவின்ஸ்வொர்த் அங்காடித் தொடரின் தலைவரான டைடி, 1983 நவம்பர் 24 காலையில் மகளைப் பள்ளிக்கு அழைத்துச் சென்றுகொண்டிருந்தார். டப்ளினின் ராத்ஃபார்ன்ஹாம் பகுதியில், வீட்டுக்கு அருகிலேயே, காவலர் சீருடையில் நின்ற ஒருவர் காரை நிறுத்தினார். சோதனைச் சாவடியே போலி. கடத்தியது ஐ.ஆர்.ஏ. எனப்படும் ஐரிஷ் குடியரசுப் படை; கேட்ட தொகை 50 லட்சம் பவுண்டு. அதே ஆண்டு ஆகஸ்டில் அக்குழு குறிவைத்த கேலன் வெஸ்டனின் குடும்ப நிறுவனத்தைச் சேர்ந்ததுதான் குவின்ஸ்வொர்த். விக்லோவில் உள்ள வெஸ்டனின் மாளிகைக்கு வந்தவர்களைக் காவலர்கள் காத்திருந்து மடக்கியதால் அந்த முயற்சி தோற்றிருந்தது. முதலாளி கிடைக்காததால் நிர்வாகியைத் தூக்கினார்கள்.

பணயத் தொகை கொடுக்கக்கூடாது என்பது டப்ளின் அரசின் பழைய நிலைப்பாடு. 1975இல் டச்சுத் தொழிலதிபர் டீடே ஹெரெமா கடத்தப்பட்டபோது லியம் காஸ்கிரேவ் அரசு 36 நாள் அசையாமல் இருந்தது. அவர் உயிரோடு திரும்பினார். கொள்கை சரியானதே. ஒரு தடவை பணம் கைமாறினால் அடுத்த கடத்தலுக்கு அதுவே முதலீடாகிவிடும். ஆனால், பணம் தர மறுத்தால் தேடிப் பிடிக்க ஆள் அனுப்பியாக வேண்டும். அப்படி அனுப்பப்படுவது யார் என்பதைக் கொள்கையைப் போற்றுவோர் கேட்பதில்லை.

லீட்ரிம் மாவட்டத்தில் பாலினமோர் அருகே டெராடா காடு. டிசம்பர் 16 அன்று அதைச் சலித்துத் தேடிய வரிசையில் இராணுவத்தினரும் காவலர்களும் கலந்து நின்றனர். ஆள் போதாமல், பயிற்சி முடியாத காவலர்களையும் கொண்டுவந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் 23 வயது கேரி ஷீஹன். புதருக்குள் இருந்து பாய்ந்த குண்டுகளுக்கு அவரும், நான்கு பிள்ளைகளின் தந்தையான சிப்பாய் பேட்ரிக் கெல்லியும் பலியானார்கள். டைடி தாடி வளர்ந்து, படையினர் பாணி உடையில் கிடந்தார்; கண்ட சிப்பாய் அவரையே கடத்தல்காரர் என்று எண்ணித் துப்பாக்கியை நீட்டினார். 23 நாள் சிறை அவரைச் சிறைப்படுத்தியவர்களைப் போலவே ஆக்கியிருந்தது. அந்தக் குழப்பத்தில் கடத்தியவர்கள் வளையத்தை உடைத்துக்கொண்டு தப்பினர். மறுநாள் லண்டன் ஹாரோட்ஸ் அங்காடி வாசலில் ஐ.ஆர்.ஏ. குண்டு வெடிக்க, உலகின் கவனம் அங்கே போய்விட்டது.

இனி அரசின் வேகத்தைப் பார்ப்போம். குவின்ஸ்வொர்த்தின் தாய் நிறுவனம் பின்னர் ஐ.ஆர்.ஏ.வுக்கு ரகசியமாகப் பணம் கொடுத்ததாகப் பேச்சு எழுந்தது. நாவன் நகர வங்கிக் கணக்கு ஒன்றில் இருந்த சுமார் 17.5 லட்சம் பவுண்டை அந்தப் பணத்தின் பகுதி என அரசு கருதியது. 1985 பிப்ரவரி 19 அன்று நாடாளுமன்றம் ஒரே நாளில் சட்டம் இயற்றி அதை முடக்க வழி செய்தது. கணக்கின் உரிமையாளர்கள் அது முறையான தொழில் பணம் என்று வழக்காடினர். உயர் நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது.

கொலைகளின் கதை வேறு. காட்டில் கிடைத்த பால் பெட்டி முதலான பொருள்களில் ஐ.ஆர்.ஏ. உறுப்பினர் பிரெண்டன் மெக்ஃபார்லனின் கைரேகை இருப்பதாகக் காவல்துறை சொன்னது. வட அயர்லாந்தின் மேஸ் சிறையிலிருந்து 1983 செப்டம்பரில் தப்பிய 38 பேரில் அவரும் ஒருவர். 1986இல் ஆம்ஸ்டர்டாமில் பிடிபட்டு வட அயர்லாந்துச் சிறைக்கே திரும்பிய அவர்மீது டப்ளின் 1998இல்தான் குற்றம் சாட்டியது. அதுவும் கடத்தல் தொடர்பாகத்தான், கொலைக்காக அல்ல. அதற்குள் அந்தப் பொருள்கள் காவல்துறைத் தலைமையகத்திலேயே காணாமல் போயிருந்தன. புகைப்படங்கள் மட்டும் எஞ்சின. 2008 ஜூனில் வழக்கு விசாரணைக்கு வந்தபோது, அவர் தந்ததாகச் சொல்லப்பட்ட வாக்குமூலத்தைச் சிறப்புக் குற்றவியல் நீதிமன்றம் ஏற்கவில்லை, வழக்கு சரிந்தது. 2010இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், விசாரணை அளவுக்கு மீறி நீண்டதாகக் கூறி, மெக்ஃபார்லனுக்கு இழப்பீடு தர அயர்லாந்துக்கு உத்தரவிட்டது. கொலைகளுக்காக இன்றுவரை எவரும் தண்டிக்கப்படவில்லை.

சட்டம் இயற்றுவதும் குற்றத்தை மெய்ப்பிப்பதும் ஒன்றல்ல, இரண்டையும் ஒரே தராசில் வைக்கலாமா என்று கேட்கலாம். நியாயமான மறுப்பு. ஆனால் தடயப் பொருளைப் பத்திரமாக வைத்திருப்பதற்கு எந்தச் சட்ட நுணுக்கமும் தேவையில்லை. பூட்டிய அலமாரியும் பதிவேடும் போதும். ஐ.ஆர்.ஏ.வின் மௌனம்தான் முதல் தடை என்பது உண்மை. அதற்கு மேல் அரசின் கவனக்குறைவும் சேர்ந்துகொண்டது.

2011 குடியரசுத் தலைவர் தேர்தல் பிரசாரத்தின்போது, அத்லோன் நகரில் கெல்லியின் மகன் தந்தையின் படத்தோடு, முன்னாள் ஐ.ஆர்.ஏ. தலைவரும் வேட்பாளருமான மார்ட்டின் மெக்கின்னஸை மறித்து, கொன்றவர்கள் யார் என்று கேட்டார். தனக்குத் தெரியாது என்றார் வேட்பாளர். நீதிமன்றத்தில் விடை கிடைத்திருந்தால், வாக்குக் கேட்டு வந்தவரிடம் அவர் அதைக் கேட்டிருக்க வேண்டியதில்லை.