கொங்கு நாடு குலுங்கிய நாள்

ஈரோட்டுல பெரியவங்ககிட்ட நிலநடுக்கம்னு சொன்னா, "அதெல்லாம் குஜராத்துல, ஜப்பான்ல வரும் கண்ணு"ம்பாங்க. ஆனா 1900 பிப்ரவரி 8-ம் தேதி கோயம்புத்தூர்ப் பக்கம் பூமி குலுங்குச்சு. அளவு ஏறக்குறைய 6. தென்னிந்தியாவின் பெரும்பகுதியில் உணர்ந்திருக்காங்க.

அன்னைக்கு இதை விளக்க அறிவியலே தயாரா இல்லை. பூமிக்குள்ள தனியா ஒரு மையக்கரு இருக்குன்னு நிலநடுக்க அலைகளை வச்சு ஓல்டாம் காட்டினது 1906-ல. (1897 அசாம் நிலநடுக்கத்தை ஆராய்ஞ்ச அதே ஓல்டாம்தான்.) கண்டங்கள் நகருதுன்னு வெகனர் பேசினது 1912-ல.

நம்ம ஊர் தட்டோட விளிம்புல இல்லை. விளிம்பு இமயமலையில, அந்தமான் பக்கம். அப்புறம் ஏன் இங்கே? பாலக்காட்டுக் கணவாயிலிருந்து காவிரிப் பக்கமா ஒரு பழைய தழும்பு ஓடுது. சுமார் 55 கோடி வருஷத்துக்கு முன்னாடி, கோண்டுவானா உருவானப்ப, நடுவுல இருந்த கடல் மூடி ரெண்டு நிலத்துண்டுகள் இங்கேதான் ஒட்டினதுன்னு பல புவியியலாளர்கள் சொல்றாங்க. இன்னைக்கு இந்தியத் தட்டு ஆசியாவை முட்டித் தள்ளுற அழுத்தம் இதுமாதிரி பழைய பிளவுகள்லயும் சேரும். எப்பவாவது விடுபடும்.

1900-ல இங்கே அடுக்குமாடி கிடையாது. இப்ப பெருந்துறை ரோட்டைப் பாருங்க. காண்ட்ராக்டர்கிட்ட டைல்ஸ் கலர் பத்தி ஒரு மணி நேரம் பேசுறோம். பில்லர்ல ரிங் எத்தனை இஞ்சுக்கு ஒண்ணு போடுறீங்கன்னு யாராவது கேட்டோமா?