கஞ்சமலை இரும்பும் சவரக்கத்தியின் கோணமும்

அப்பிச்சியோட சவரக்கத்தி ஒண்ணு எங்கிட்ட இருக்கு. நாமக்கல் பக்கம் தெருவுல சாணை பிடிக்க வந்தவர்கிட்ட ஆசையா நீட்டினேன். பளபளன்னு திரும்பி வந்துச்சு. மறுநாள் கன்னத்துல வச்சா முடியை வெட்டல, பிடுங்குது! எங்கே கோளாறுன்னு தேடப்போய் சேலத்து இரும்பு வரைக்கும் போயிட்டேன்.

கஞ்சமலைக் காந்தக்கல் இரும்பைப் பத்தி நம்ம ஊர்க்காரங்களுக்குப் புதுசா சொல்ல வேண்டாம். சேலம் பக்கத்து உருக்கு முறையை ஜோசையா மார்ஷல் ஹீத் எழுதி வச்சிருக்கார். தேனிரும்புத் துண்டோட ஆவாரங்கட்டையும் எருக்கிலையும் களிமண் மூசைக்குள்ள வச்சு, வாயை அடைச்சு உலையில ஊதுவாங்களாம். இரும்புக்குக் கரி ஏறி உருக்காகும். வெள்ளைக்காரன் இதுக்கு வச்ச பேர் ஊட்ஸ்.

பம்பாயிலிருந்து இங்கிலாந்துக்குப் போன ஊட்ஸை வச்சு ஜார்ஜ் பியர்சன் 1795ல கட்டுரை எழுதினார். அதுக்காக அந்த உருக்கை அடிச்சுப் பார்த்தவர் லண்டன் கத்திக்காரர் ஜேம்ஸ் ஸ்டோடார்ட். அப்புறம் அவரே ஊட்ஸ்ல சவரக்கத்தி செஞ்சு, ஐரோப்பாவின் சிறந்த உருக்கை விட இது மேல்னு கடை அட்டையிலயே போட்டுக்கிட்டார். மைக்கேல் பாரடேயோட சேர்ந்து 1820லயும் 1822லயும் உருக்குக் கலவை ஆராய்ச்சியும் வெளியிட்டார். அது சேலத்து உருக்குன்னு சொல்லிக்க மனசு துடிக்குது, ஆனா பம்பாய் வழியா போன சரக்கு ஆச்சே!

உருக்கு நல்லா இருந்தா மட்டும் போதுமா? அங்கதான் கோணம் வருது. சவரக்கத்தியைக் கல்லுல படுக்க வச்சுத் தீட்டும்போது முதுகும் வாயும் சேர்ந்தே கல்லைத் தொடும். கோணத்தைக் கை பிடிக்க வேண்டியதில்ல, முதுகே பிடிச்சுக்கும். முதுகு 6 மில்லிமீட்டர் கனம், அகலம் 21 மில்லிமீட்டர்னா கோணம் 16 டிகிரிக்குக் கொஞ்சம் மேல. வருஷக்கணக்காத் தீட்டினாலும் ரெண்டும் சேர்ந்து தேயறதால பெருசா மாறாது. எவ்வளவு அழகான ஏற்பாடு பாருங்க!

கோணம் இன்னும் குறைஞ்சா? கூர்மை வரும், ஆனா வாய் மெலிஞ்சு மடியும், பொரியும். ஊட்ஸ்ல இது கூடுதல் தலைவலி. அதுல 1.5 சதவீதம் அளவுக்குக் கரி உண்டு. கெட்டியான கார்பைடு மணிகள் கூட்டமா நிக்கும். வாய் ரொம்ப மெல்லிசானா அந்த மணிகள் உதிர்ந்து பல்லு பல்லா ஆயிடும். வாளுக்கு அது சௌகரியம், கன்னத்துக்கு இல்ல. அந்த விஷயத்துல ஸ்டோடார்ட் சொன்னதை நான் அப்படியே ஒத்துக்க மாட்டேன்.

ஹீத் கதை தனிச் சோகம். 1830ல பரங்கிப்பேட்டையில ஆலை ஆரம்பிச்சு, சேலத்துத் தாதுவை உருக்கிப் பார்த்தார். 1839ல மாங்கனீசு சேர்த்து உருக்கு செய்ய இங்கிலாந்துல காப்புரிமை வாங்கினார். செஃபீல்டு ஆலைக்காரங்க அதைக் கொஞ்சம் மாத்திச் செஞ்சு லாபம் பார்த்தாங்க. இவர் வழக்காடியே 1851ல செத்துப்போனார். 1855ல தீர்ப்பும் எதிராத்தான் வந்துச்சு.

சரி, நம்ம கத்திக்கு வருவோம். சாணைச்சக்கரம் முதுகைத் தொடவே இல்ல, வாயை மட்டும் தின்னுடுச்சு. அளந்தேன்: முதுகு அதே 6, அகலம் 15. கோணம் 23 டிகிரி! பழைய கோணம் வரணும்னா முதுகுல 1.7 மில்லிமீட்டர் தேயணும். ஞாயித்துக்கிழமை தோறும் கல்லுல படுக்க வச்சுத் தேய்ச்சுக்கிட்டிருக்கேன். இதுவரைக்கும் அரை மில்லிமீட்டர்தான் போயிருக்கு.