திரைக்கு அப்பால் – 23: பச்சை முகத்துக்காரி

எம்.ஜி.எம். ஸ்டுடியோ 'தி விசார்ட் ஆஃப் ஓஸ்' எடுக்கத் தொடங்கியபோது சூனியக்காரி வேடம் முதலில் கேல் சாண்டர்கார்டுக்குப் போனது. பளபளப்பான அழகுச் சூனியக்காரி என்று எண்ணி அவர் ஒப்பனை பார்த்தார். கோர முகம்தான் வேண்டும் என்று முடிவு மாறியதும் விலகிக்கொண்டார். அடுத்து ஆள் தேடியவர்கள் மார்கரெட் ஹாமில்டனைக் கூப்பிட்டார்கள்.

நீண்ட மூக்கு, கூரான முகவாய். கிளீவ்லாந்தில் மழலையர் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். 1933-இல்தான் சினிமாவுக்கு வந்தார். மணவாழ்க்கை முறிந்து, சின்னஞ்சிறு மகனைத் தனியாக வளர்த்துக்கொண்டிருந்தார். எந்த ஸ்டுடியோவிலும் நிரந்தர ஒப்பந்தம் கிடையாது. வாரத்துக்கு 1,000 டாலருக்கு மேல் கேட்பதில்லை. அதிகம் கேட்டால் அடுத்த படத்துக்குக் கூப்பிட மாட்டார்கள் என்பது அவர் கணக்கு. கதாநாயகிகளுக்கு இந்தக் கணக்கு தேவையில்லை. குணச்சித்திர நடிகைக்குப் பிழைப்பே இதுதான்.

1938 டிசம்பர் 23. தீயும் புகையும் எழ, சூனியக்காரி மறைய வேண்டும். புகை மூடியதும் தரையில் ஒரு பலகை இறங்கி அவரைக் கீழே கொண்டுபோகும். அதற்குப் பிறகுதான் நெருப்பு. முதல் டேக் நன்றாகவே வந்தது. இன்னொன்று எடுக்கலாம் என்றார்கள். அதில் அவர் இறங்குவதற்குள் நெருப்பு பற்றிக்கொண்டது. தொப்பியும் துடைப்பமும் எரிந்தன. முகமும் கையும் வெந்தன. பச்சைப் பூச்சில் செம்பு கலந்திருந்ததால் அதை உடனே அகற்றியாக வேண்டும். வெந்த தோல்மேல் ஆல்கஹால் வைத்துத் துடைத்தார்கள். இவ்வளவுக்கும் பிறகு படத்தில் இருப்பது அந்த முதல் டேக்தான்!

ஆறு வாரம் கழித்து வந்தார். வழக்குப் போடவில்லை, போட்டால் ஹாலிவுட்டில் மறுபடி வேலை கிடைக்காது என்று அவருக்குத் தெரியும். இனி நெருப்புப் பக்கம் போக மாட்டேன் என்று மட்டும் கறாராகச் சொல்லிவிட்டார். புகை கக்கும் துடைப்பத்தில் ஏறச் சொன்னபோதும் மறுத்தார். அவருக்குப் பதிலாக ஏறிய பெட்டி டான்கோவுக்கு அடியில் புகைக்குழாய் வெடித்து, அவரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்.

சில வாரம் என்று பேசிய வேலை 23 வாரம் இழுத்தது. ஆனால் சூனியக்காரி திரையில் தெரிவது ஏறக்குறைய 12 நிமிடம்தான். பிள்ளைகள் பயப்படுவார்கள் என்று பல காட்சிகளை வெட்டிவிட்டார்கள்.

வெட்டியும் பயம் போகவில்லை. 1975-இல் ஹாமில்டன் பிரெட் ரோஜர்ஸின் குழந்தைகள் நிகழ்ச்சிக்குப் போய், அந்த உடையை ஒவ்வொன்றாக அணிந்து, இதெல்லாம் வெறும் வேஷம் என்று விளக்கினார். பழைய டீச்சர் அல்லவா! மறு வருடமே 'செசமி ஸ்ட்ரீட்'டில் அதே சூனியக்காரியாக வந்தார். பெற்றோர்களின் புகார்க் கடிதங்கள் குவிய, அந்தப் பகுதியை மறு ஒளிபரப்பு செய்யாமல் எடுத்துவைத்துவிட்டார்கள்.

அதே ஆண்டுகளில் மாக்ஸ்வெல் ஹவுஸ் காப்பி விளம்பரத்தில், கோரா என்ற மளிகைக்கடைப் பாட்டியாக அவர் தினமும் டி.வி.யில் வந்துகொண்டிருந்தார். அவரைப் பார்த்து எந்தப் பிள்ளையும் அழுததாகத் தெரியவில்லை.

(தொடரும்)