கரைக்காவல்

காவேரியைப் பற்றி எழுத உட்கார்ந்தால் பேனா தானாகவே ஆடிப்பெருக்கு, சித்திரான்னம், படித்துறை என்று ஓட ஆரம்பித்துவிடுகிறது. தஞ்சாவூர் ஜில்லாக்காரர்களின் பலவீனம் அது. ஆற்றோடு பிறந்து வளர்ந்தவர்களுக்கு ஆற்றினிடம் பயமும் உண்டு. அதை மட்டும் நாங்கள் வெளியே சொல்லிக்கொள்வதில்லை.

எனக்கு அந்தப் பயம் வந்தது 2005-ஆம் வருஷம் ஐப்பசி அடைமழையில், கொள்ளிடம் பெருகியபோது. கரைக்கு அந்தப் பக்கம் தண்ணீர். இந்தப் பக்கம் எங்கள் ஊர். தண்ணீர் எங்கள் வீட்டுத் திண்ணையைவிட உயரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. இரவு இரண்டு மணிக்கு, கரையின் அடியில், ஊர்ப்பக்கத்தில் ஓர் இடத்தில் நீர் கொப்புளித்தது. நாங்கள் நாலைந்து பேர் மண்மூட்டையைத் தூக்கிக்கொண்டு அதை அடைக்க ஓடினோம்.

"அடைக்காதீங்கடா!" என்று ஒரு குரல். பொதுப்பணித் துறையில் கரை லஸ்கராக இருந்து ஓய்வு பெற்ற கிழவர் அவர். குந்தி உட்கார்ந்து, உள்ளங்கையில் அந்தத் தண்ணீரை ஏந்தி, டார்ச் வெளிச்சத்தில் பார்த்தார்.

"தெளிவா வந்தா கரை வேர்க்குதுன்னு அர்த்தம். கலங்கி வந்தா கரை கரையுதுன்னு அர்த்தம். இது கலங்கல். இங்கே அடைச்சா இன்னோர் எடத்திலே பொத்துக்கும். சுத்திக் கட்டுங்க."

ஊற்றைச் சுற்றி உறைகிணறு மாதிரி மூட்டைகளை வட்டமாக அடுக்கினோம். உள்ளே தண்ணீர் ஏறிற்று. ஏற ஏற, ஊற்றின் வேகம் குறைந்தது. வரப்பில் கால் வைத்தறியாத என் பெரியப்பாகூட அன்று தோளில் மூட்டை சுமந்தார். விடியும்போது தண்ணீர் தெளிவாக வழிந்தது. மண் நின்றுவிட்டது. ஊர் பிழைத்தது.

மிசிசிப்பி நதிக்கரையிலும் வெள்ளக் காலத்தில் இதே வைத்தியத்தைத்தான் செய்கிறார்கள் என்று பின்னால் படித்தேன். நீரின் அழுத்தத்தை நீரைக் கொண்டே சமன் செய்வதுதான் சூட்சுமம். என்னைப் பிடித்துக்கொண்ட கேள்வி வேறு. அந்தக் கிழவருக்கு அன்று யார் உத்தரவு கொடுத்தார்கள்? ஒருவரும் இல்லை. அவர் உத்தரவுக்குக் காத்திருந்தால் இந்தக் கட்டுரையை எழுத ஊர் என்று எனக்கு ஒன்று இருந்திருக்காது.

பழைய நாளில் இந்த வேலைக்குக் குடிமராமத்து என்று பெயர். வாய்க்கால் வெட்டுவதும் கரையைக் காப்பதும் ஊர் வழக்கம். கம்பெனி ஆட்சியின் கடைசி வருஷமான 1858-இல் சென்னை மாகாணத்துக்காகச் சட்டம் ஒன்று வந்தது. ஏரிக்கரையோ ஆற்றங்கரையோ உடையும் அபாயம் ஏற்பட்டால், பொறுப்பிலுள்ள அதிகாரி கிராமத் தலைவர் மூலம் ஆட்களைக் கட்டாயமாக அழைக்கலாம். நெருக்கடியில் யார் யாருக்குச் சொல்ல வேண்டும், யார் வர வேண்டும் என்று எழுதிவைத்ததில், நம் பக்கத்தில் இது பழைய ஏற்பாடு. புத்திசாலித்தனமான ஏற்பாடுதான். ஆனால் யாரை அழைக்கலாம் என்று பாருங்கள்: உழைக்கும் வகுப்பாரை. நிலம் மிராசுதாருக்கு, உடைப்பில் இறங்க வேண்டியவன் நிலமில்லாதவன். அந்த வகையில் எங்கள் குடும்பமும் கரைமேல் குடை பிடித்து நின்ற குடும்பம்தான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. சொல்லாமலிருப்பது அதைவிடக் கூச்சம்.

1924-ஆம் வருஷம் ஜூலையில் வந்த பெருவெள்ளம் யாருக்கும் அடங்கவில்லை. காவேரியில் விநாடிக்குச் சுமார் 4.5 லட்சம் கன அடி நீர் வந்ததாகக் கணக்கு. அதற்கு அடுத்த வருஷம் மேட்டூரில் வேலை தொடங்கி, 1934-இல் அணை முடிந்தது. டெல்டா நிம்மதியாகத் தூங்க ஆரம்பித்தது. தூங்குவது நல்லதுதான், ஆனால் காவற்காரனும் சேர்ந்து தூங்கிவிடுகிறான் அல்லவா?

2018-ஆம் வருஷம் ஆகஸ்டு 22-ஆம் தேதி இரவு, முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கேயிருந்த மேலணையின் 45 மதகுகளில் 9 மதகுகள் வெள்ளத்தில் போய்விட்டன. ஆர்தர் காட்டன் 1836-இல் போட்ட அணை அது. காவேரிக்குப் போக வேண்டிய நீரைக் கொள்ளிடம் இழுத்துக்கொள்ளாமல் தடுப்பதே அதன் வேலை. அது போனால் வயல் காயும். அவசரமாக மணல் மூட்டையும் பாறையும் போட்டுத்தான் ஓட்டையை மறித்தார்கள். பிறகு புதிய கதவணை கட்டினார்கள். எத்தனை இயந்திரம் வந்தாலும், முதல் நாள் மூட்டையும் தோளும்தான்.

ஆற்றைவிட்டு நாகப்பட்டினக் கடற்கரைக்குப் போனால் கதை இன்னும் கொடுமையானது. 2004 டிசம்பர் 26-ஆம் தேதி காலை ஆறரை மணிக்குச் சுமத்திராவின் பக்கத்தில் பூமி நடுங்கிற்று. அலை நம் கரைக்கு வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் மாண்டார்கள். இரண்டு மணி நேரம் இருந்தது. 'ஓடுங்கள்' என்று சொல்ல ஆள் இல்லை. இந்துமகா சமுத்திரத்துக்கு அப்போது சுனாமி எச்சரிக்கை ஏற்பாடே கிடையாது. மறு வருஷம் பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்தது. ஜில்லாவுக்குக் கலெக்டர் தலைமையில் ஓர் ஆணையம் என்றார்கள். 2007-இல் ஹைதராபாத்தில் எச்சரிக்கை நிலையம் வந்தது. எல்லாம் வேண்டியவையே. சட்டமும் நிலையமும் இல்லாமல் ஒரு கிழவரின் உள்ளங்கையை நம்பி ஒரு ஜில்லா இருக்க முடியாது.

ஆனால் ஹைதராபாத்திலிருந்து வரும் செய்தி கடைசியில் ஒரு குப்பத்து வாசலுக்கு, ஒரு மனிதனின் வாய் வழியாகத்தான் வந்து சேர வேண்டும். அதேபோல் கரையடியில் கலங்கிய நீர் கலெக்டரின் மேஜைக்குப் போக வேண்டுமானால், அதை முதலில் ஒருவன் நடுராத்திரியில் நடந்து பார்த்திருக்க வேண்டும். அவனை நியமிப்பது, அவன் சொல்லைக் கேட்பது, மேலிடத்து உத்தரவு வருமுன் அவன் செய்ததற்காக அவனைக் கேள்வி கேட்காமலிருப்பது—இந்த மூன்றும் இல்லாத ஏற்பாடு வெறும் காகிதம்தான்.

அந்தக் கிழவர் இப்போது இல்லை. ஊருக்குப் போகும்போது ஆற்றில் நீர் நிறைந்து ஓடினால், நான் கரையின்மேல் நடப்பதில்லை. ஊர்ப்பக்கம் இறங்கி அடியோரமாக நடக்கிறேன். எங்கேயாவது ஈரம் தெரிந்தால், குந்தி உட்கார்ந்து கையில் ஏந்திப் பார்க்கிறேன்.