விட்டுப்போன 32

1966-ல் நம் கல்லூரியில் பி.எஸ்ஸி. பௌதிகம் சேர்ந்த எங்களுக்கு விசை என்றாலே தலைவலிதான். 1873-ல் பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் பரிந்துரைத்த டைன் ஒரு பக்கம். பவுண்டலும் பவுண்டு எடையும் இன்னொரு பக்கம். நியூட்டன் என்ற அலகை உலக மாநாடு 1948-லேயே ஏற்றது. நம் நாட்டில் மெட்ரிக் சட்டமும் 1956-ல் வந்தாச்சு. பாடப்புத்தகம்தான் மாறவில்லை!

புவியீர்ப்பு வினாடிக்கு வினாடி 32 அடி. ஆகவே ஒரு பவுண்டு எடை 32 பவுண்டல். பரீட்சையில் நான் பவுண்டலில் வந்த விடையை 32-ஆல் வகுக்காமலே பவுண்டு எடை என்று எழுதிவிட்டேன். "கணக்கு சரி, அலகு தப்பு. நீ பாலம் கட்டினா என்னப்பா ஆகும்?" என்றார் பேராசிரியர். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

1999 செப்டம்பர் 23-ல் நாசாவின் மார்ஸ் க்ளைமேட் ஆர்பிட்டர் செவ்வாயை நெருங்கியபோது தொலைந்துபோனது. ஒரு மென்பொருள் பவுண்டு-வினாடியில் தந்த உந்துதல் கணக்கை, இன்னொரு பிரிவினர் நியூட்டன்-வினாடி என்று எடுத்துக்கொண்டார்கள். ஒரு பவுண்டு விசை 4.45 நியூட்டன். அதைப் பெருக்காததால், சுமார் 226 கி.மீ. உயரத்தில் போகவேண்டிய கலம் 57 கி.மீ. வரை இறங்கிவிட்டது. ஒன்பது மாதப் பயணம் வீண்.

செய்தியைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. சார் ஞாபகம்தான் வந்தது. இன்று பேரன் கணக்கு நோட்டை நீட்டினால், விடையைப் பார்க்கும் முன்பே கேட்டுவிடுகிறேன்: "அலகு எங்கேப்பா?"