குழியும் குழாயும் கூட்டெருவும்: ரொறன்ரோவின் வீட்டுக்கழிவு வரலாறும் தமிழர் குடியிருப்பும், 1983–2010

குப்பை என்னும் சொல்லுக்குச் சங்கப் பாடல்களில் இழிபொருள் இல்லை. நெல் குவிந்து கிடந்தாலும் உப்புக் குவிந்து கிடந்தாலும் அது குப்பையே. பெருக்கித் தள்ளியதற்கும், அது மக்கி உண்டான எருவுக்கும் அதே சொல் வழங்கிற்று. மண்ணுக்கு உணவாகும் பொருளும் கைவிடப்பட்ட பொருளும் ஒரே பெயர் பெற்றதை மொழியின் வறுமை எனக் கொள்ளல் தவறு. ஒன்று மற்றொன்றாக மாறும் என்பதைக் கண்முன் கண்ட வாழ்க்கையின் பதிவு அது.

புலம்பெயர்ந்தோர் நிகழ்வுகளில் இதனையொட்டிய ஒரு குறைகூறல் அடிக்கடி கேட்கின்றது. ஊரில் எதனையும் வீணாக்காத நாம், கனடாவுக்கு வந்ததும் அனைத்தையும் பையில் கட்டி எறியப் பழகிவிட்டோம் என்பதே அது. பழி பெரும்பாலும் சமையலறையைக் கையாளும் பெண்கள்மீதே சென்று விழுகின்றது. இக்கூற்று வரலாற்றின் முன் நிற்குமா என்பதனை ரொறன்ரோ மாநகரின் கழிவு வரலாற்றைக் கொண்டு ஆராய இக்கட்டுரை முற்படுகின்றது. மறதியன்று, வீட்டின் அமைப்பே முதற்காரணம் என்பது இங்கு நிறுவப்படும்.

முதலில் ஊர்வழக்கை நோக்குவோம். யாழ்ப்பாணத்து வளவில் அடுப்படிக் கழிவுக்குப் பல வழிகள் இருந்தன. கழுநீரும் காய்கறித் தோலும் மாட்டுக்கும் ஆட்டுக்கும் சென்றன. எஞ்சியதைக் கோழி கிளறிற்று. கிணற்றடி நீர் வாழைப்பாத்திக்குப் பாய்ந்தது. சாம்பல் பாத்திரம் துலக்கவும் பயிருக்குத் தூவவும் உதவிற்று. கூரையிலும் வேலியிலும் ஆண்டுகள் இருந்து உக்கிய பனையோலை தோட்டத்தில் பசளையாகப் புதைக்கப்பட்டது. பூவரசங் குழையையும் கிளுவங் குழையையும் மண்ணில் தாழ்ப்பது புகையிலைச் செய்கையின் இன்றியமையாத பகுதி. சுண்ணக்கல்லின்மேல் மெல்லிய மண் படிந்த அந்நிலத்தில், பெரிய ஆறும் இல்லாத நிலையில், வெளியிலிருந்து வளம் வந்து சேர்வது அரிது. ஆகவே எருச் சேர்த்தல் ஒழுக்கமாக அன்றித் தேவையாகவே தோன்றியது. இன்னொன்றையும் கருத வேண்டும்: வெப்பம் அங்கே துணைவன். ஈரமும் சூடும் சேர்ந்தால் கழிவு விரைவில் மக்கும். திறந்த வளவில் காற்றுப் படும்போது நாற்றமும் குறைவு.

இனி 1983ஆம் ஆண்டுக்கு வருவோம். அவ்வாண்டு யூலையில் இலங்கையில் நிகழ்ந்த வன்செயலே கனடாவை நோக்கிய தமிழரின் பெருங்குடிபெயர்வைத் தொடக்கிவைத்தது. அதே ஆண்டில் ரொறன்ரோவின் கழிவு வரலாற்றிலும் ஒரு திருப்பம் நேர்ந்தது. ஸ்காபரோவில் ரூஜ் ஆற்றை அண்டி 1968 முதல் இயங்கிய நிலநிரப்பிடம் 1983இல் மூடப்பட்டது. நகரின் வடக்கே வோன் பகுதியில், முன்னர் சரளைக்கல் அகழ்ந்த பள்ளம் ஒன்றில், கீல் பள்ளத்தாக்கு நிலநிரப்பிடம் திறக்கப்பட்டது. கிச்சனர் நகரில் 1981இல் சில வீடுகளில் பரிசோதிக்கப்பட்ட நீலப்பெட்டித் திட்டம் நகர் முழுமைக்கும் விரிந்ததும் 1983இலேதான். இவற்றுக்கிடையே காரணத்தொடர்பு எதுவும் இல்லை. ஆயினும் தமிழர் வந்து சேர்ந்த நகரம் எத்தகையது என்பதை இந்த உடனிகழ்வு காட்டுகின்றது. ஆழமான புதிய குழி ஒன்றை அப்போதுதான் பெற்றிருந்த நகரம் அது. குழி இருக்கும்வரை கழிவைப் பிரிக்கும் அவசரம் எவருக்கும் இல்லை.

வந்தவர்களுட் பலர் முதலில் குடியேறியது சென் ஜேம்ஸ் ரவுன் போன்ற தொடர்மாடிகளிலும், பின்னர் ஸ்காபரோவின் அடுக்குமாடிகளிலும் ஆகும். இவற்றிற் பெரும்பாலானவை 1960களிலும் 1970களிலும் எழுந்தவை. ஒவ்வொரு தளத்திலும் நடைவழியோரம் ஒரு சிறு கதவு. அதனுள் கீழ்த்தளம்வரை இறங்கும் குப்பைக்குழாய். பொதியைக் கட்டி உள்ளே விட்டால் வேலை முடிந்தது. மீன்முள்ளும் போத்தலும் பழைய செய்தித்தாளும் ஒரே குழாய்வழி ஒரே தொட்டியில் விழுந்தன. வேறு வழி அக்கட்டடத்தில் இருக்கவில்லை. மாடு இல்லை, பாத்தி இல்லை. பலகணியில் எருக்குவியல் வைப்பதும் இயலாது. ஊரில் ஐந்தாறு வழியாகப் பிரிந்த கழிவு இங்கே ஒற்றைத் துளையில் ஒன்றானது. பிரிக்கும் அறிவு கைகளில் இருந்தது; அதைச் செலுத்த இடந்தான் இல்லை.

வளவுள்ள வீடுகளிலும் பிரித்தல் மெல்லவே வேரூன்றியது. நீலப்பெட்டி 1980களின் பிற்பகுதியில் ஒன்ராறியோவெங்கும் பரவியபோது, அதன் செலவில் ஒரு பகுதியை ஏற்க மென்பானத் தொழிற்றுறை முன்வந்தது. கைம்மாறாக, திருப்பிக்கொடுத்து மீண்டும் நிரப்பப்படும் போத்தல்களின் பங்கைக் குறைத்துக்கொள்ள அதற்கு இடமளிக்கப்பட்டது. மீள்சுழற்சியின் வெற்றியாக இது கொண்டாடப்படுவதுண்டு. என் கருத்தில் இது மீள்பயன்பாட்டின் தோல்வியுமாகும்: கழுவி நிரப்பப்பட வேண்டிய போத்தல், உருக்கப்படும் கொள்கலனுக்கு இடம்விட்டு அகன்றது. பியர் போத்தல் மட்டும் தப்பியது. வடித்தாலைகள் 1927 முதல் நடத்திவந்த விற்பனை அமைப்பு வெற்றுப் போத்தலை முற்பணம் திருப்பித் தந்து வாங்கிக்கொண்டமையால், ஒரே போத்தல் பலமுறை நிரம்பித் திரும்பிற்று. ஒன்ராறியோவின் மிகச் சிறந்த மீள்பயன்பாட்டு முறை மதுக்கடையில் நிலைத்தது என்பது ஒழுக்கவாதிகளுக்குச் சற்றுச் சங்கடமான செய்திதான்.

நகரைப் பிரிக்கத் தூண்டியது சூழலியல் அறிவுரையன்று, குழி நிறைந்தமையே. கீல் பள்ளத்தாக்கு 2002 திசெம்பர் 31ஆம் நாள் மூடப்படவிருந்தது. வடக்கே கேர்க்லன்ட் லேக் அருகில், நீர் நிறைந்த, கைவிடப்பட்ட அடம்ஸ் இரும்புச் சுரங்கத்துக்குத் தொடருந்தில் கழிவை அனுப்பும் திட்டம் 2000இல் பெரும் வாக்குவாதத்தைக் கிளப்பியது. அப்பகுதி உழவரும் முதற்குடி மக்களும் எதிர்த்து நின்றனர். திட்டம் கைகூடவில்லை; 2004இல் மாகாண அரசு சட்டமியற்றி அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. இடையில் எஞ்சிய வழி எல்லை கடந்து அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்துக்குப் பாரவூர்திகளில் அனுப்புவது. நாளொன்றுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட பாரவூர்திகள் ஓடின. மிச்சிகன் மக்கள் சினந்தனர். 2007இல் நகரம் லண்டன் நகருக்கு அண்மையில் கிறீன் லேன் நிலநிரப்பிடத்தை விலைகொடுத்து வாங்கிற்று. 2010 முடிவில் மிச்சிகன் ஓட்டம் நின்றது. அந்நிலநிரப்பிடத்தின் அயலவர் ஒனைடா முதற்குடி மக்கள். ஒருவர் வீட்டுக் கழிவு எவர் அயலில் சென்று அமர்கின்றது என்னும் வினா இவ்வரலாறு முழுவதும் தொடர்கின்றது. எனினும் அது தனிக் கட்டுரைக்குரியது.

2001இல் நகரம் வகுத்த இலக்குகளைப் பார்த்தால் அச்சத்தின் அளவு விளங்கும். நிலநிரப்பிடத்துக்குச் செல்லாது திருப்பப்படும் வீட்டுக்கழிவு 2003இல் 30 விழுக்காடு, 2006இல் 60, 2010இல் 100 என்று எழுதினர். இறுதி இலக்கு பின்னர் 70 ஆகத் தணிக்கப்பட்டது. அதுவும் 2010இல் எட்டப்படவில்லை. ஆயினும் அவ்வச்சத்திலிருந்து உருப்படியான ஒன்று பிறந்தது: பச்சைத்தொட்டி. சமையலறைக் கழிவைத் தனியே சேர்க்கும் இத்திட்டம் 2002 செப்தெம்பரில் எற்றோபிக்கோவில் தொடங்கிற்று. தமிழர் செறிந்த ஸ்காபரோவுக்கு 2003 யூனில் வந்தது. 2004இல் பழைய ரொறன்ரோ, யோர்க், ஈஸ்ற் யோர்க் பகுதிகளும், 2005இல் நோர்த் யோர்க்கும் இணைந்தன.

இத்திட்டத்தின் நுட்பம் கோடையில்தான் புலப்படும். பச்சைத்தொட்டி வாரந்தோறும் எடுக்கப்படும். எஞ்சிய குப்பை இரு வாரங்களுக்கு ஒருமுறையே. நாறும் பொருளை விரைவில் அகற்றிவிட்டால், நாறாதது காத்திருக்கலாம். இறைச்சி, மீன், எலும்பு ஆகியவற்றோடு குழந்தைகளின் அணையாடையும் இதில் ஏற்கப்பட்டது. பிளாஸ்ரிக் பையில் கட்டி இடவும் அனுமதி உண்டு. டஃபரின் வீதி ஆலையில் கழிவு நீரிற் கரைக்கப்பட்டுப் பைகள் பிரித்தெடுக்கப்படும். பின் காற்றில்லாக் கலத்தில் நொதித்து வாயு வெளியாகும். எஞ்சும் திண்மம் கூட்டெருவாகப் பதப்படுத்தப்படும். யாழ்ப்பாணத்து வளவில் எவரும் மீன்முள்ளையும் அணையாடையையும் ஒரே குவியலில் இட்டதில்லை. இது குப்பை எருவாகும் பழைய கதையன்று. தொழிற்சாலை ஒன்று வீட்டின் கவனக்குறைவைப் பொறுத்துக்கொள்ளும் புதிய ஏற்பாடு. பிரிப்பதை எளிதாக்கியதாலேயே வீடுகள் பங்கெடுத்தன என்பதையும் மறுப்பதற்கில்லை.

இரு கோடைகால வேலைநிறுத்தங்கள் இதன் இன்றியமையாமையை எடுத்துக்காட்டின. 2002 யூன் 26 முதல் யூலை 11 வரை நகரத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். பாப்பரசர் வருகைதரவிருந்த உலக இளைஞர் நாளுக்கு முன்னர் மாகாண அரசு சட்டத்தின் மூலம் அதனை முடித்துவைத்தது. அப்போது பச்சைத்தொட்டி எங்கும் இல்லை. உணவும் பிறவும் கலந்த பைகள் தெருவில் வெந்தன. ஊரில் துணைவனாக இருந்த வெப்பம், காற்றுப் புகாத பைக்குள் பகைவனாயிற்று.

2009 யூன் 22இல் தொடங்கியது அதனினும் நீண்டது: 39 நாட்கள். கிறிஸ்ரி பிற்ஸ் உள்ளிட்ட பூங்காக்கள் தற்காலிகக் குப்பையிடங்களாயின. தனியார் ஒப்பந்தத்தின்கீழ் இருந்த எற்றோபிக்கோவில் சேகரிப்பு நிற்கவில்லை, ஸ்காபரோவில் நின்றது. இம்முறை வீடுகளில் கழிவு ஏற்கெனவே வகைப்பட்டிருந்தது. தாளும் தகரமும் நாறாமற் காத்திருந்தன. வளவுடையோர் காய்கறிக் கழிவைப் பின்வளவில் புதைக்கவோ குவிக்கவோ முடிந்தது. ரொறன்ரோவின் பொது நினைவில் அக்கோடை குப்பைக் கோடையாக நிற்கின்றது. 2010இல் நடந்த நகரபிதா தேர்தலின் போக்கிலும் அதன் தாக்கம் இருந்தது. தமிழர் நினைவில் அவ்வாண்டு வேறொன்றுக்குரியது. மே மாதத்தில் கார்டினர் விரைவுச்சாலையை மறித்து நின்றோரின் வீடுகளில், யூன் மாதத்துக் குப்பை பேசுபொருளாக இராததில் வியப்பில்லை. ஆய்வாளர் இந்த மௌனத்தை அக்கறையின்மை எனப் பதிவுசெய்துவிடலாகாது.

தொடர்மாடியிலிருந்து வளவுள்ள வீட்டுக்குத் தமிழர் பெயர்ந்தபோது நேர்ந்தது கவனிக்கத்தக்கது. ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் கோடைதோறும் பின்வளவுகளில் கத்தரியும் வெண்டியும் பாகலும் எழுகின்றன. குளிர் வந்தால் உள்ளே தூக்கிவைக்கும்படி கறிவேப்பிலை தொட்டியில் வளர்கின்றது. ரொறன்ரோ நகரம் நடத்தும் சுற்றுச்சூழல் நாட்களில், இலைச்சருகிலிருந்து ஆக்கிய கூட்டெரு விலையின்றிக் கிடைக்கும். மண்வெட்டியும் கொள்கலனும் நாமே கொண்டுசெல்ல வேண்டும். மரபை மறந்த சமூகம் ஒன்று இடங்கிடைத்த முதற் கோடையிலேயே பாத்தி பிடிப்பது எங்ஙனம்? மறதி என்னும் விளக்கம் இங்கே பொருந்தவில்லை. பனிக்காலத்தில் குவியல் உறைந்து மக்குதல் ஏறத்தாழ நின்றுவிடுகின்றமையால், ஊர்முறை இங்கே அரையாண்டுக்கே செல்லும். மறுபாதிக்குப் பச்சைத்தொட்டி வேண்டும்.

அடுக்குமாடிகளில் நிலைமை வேறு. பச்சைத்தொட்டி அங்கே தனிவீடுகளுக்குப் பின்னரே, தயங்கித் தயங்கி, நுழைந்தது. திருப்பப்படும் கழிவின் வீதமும் தனிவீடுகளைவிட மிகக் குறைவாகவே இருந்துவருகின்றது. இவ்வேறுபாடு எல்லா மொழியினர் வாழும் கட்டடங்களிலும் காணப்படுவதால், அதனை எந்த ஒரு சமூகத்தின் பழக்கமாகவும் விளக்க இயலாது. புதிய பெருங்கட்டடங்கள் மூவகைக் கழிவையும் பிரித்து இறக்கும் ஏற்பாட்டுடன் அமைய வேண்டும் என நகரம் விதித்துள்ளது. 1960களில் எழுந்த கட்டடங்களில் அந்த ஒற்றைக் குழாய் இன்றும் இருக்கின்றது. பச்சைத்தொட்டியை நாடுவோர் பொதியுடன் மின்தூக்கிக்குக் காத்திருந்து கீழே இறங்க வேண்டும்.